புகைக்காதவருக்குக் கிடையாது

"உனக்குத் தர மாட்டேன் தம்பி. கிளம்பு."

ஃப்ளோரோ இப்படிச் சொன்னதும், கடை மூலையில் நின்றிருந்த சுகாதார ஆய்வாளர் பெர்பெத்துவாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்து மேகங்கள் எல்லாம் ஃப்ளோரோவின் வேப் கடையில் பிறந்து, அப்புறம்தான் வானத்துக்குக் குடிபோகும். அப்பேர்ப்பட்ட கடையை இன்றைக்கு இழுத்து மூடியே தீருவது என்றுதான் பெர்பெத்துவா அம்மாள் வந்திருந்தார்.

நகராட்சியின் புதிய விதி அப்படி. வேப் எனும் மின்சிகரெட், சிகரெட்டைக் கைவிட நினைப்பவர்களுக்கான மாற்று. புகைப் பழக்கமே இல்லாதவருக்கு ஒன்றை விற்றாலும் கடைக்குப் பூட்டு.

"ஏண்ணே தர மாட்டீங்க? எனக்கு இருபத்திரண்டு வயசாச்சு. இந்தாங்க அட்டை" என்றான் வாங்க வந்த ரென்வில்.

"வயசு கிடக்கட்டும். சிகரெட் பிடிப்பியா?"

"சீச்சீ! எங்கப்பா அதைப் பிடிச்சுத்தான் நெஞ்சு வெந்து போனாரு. நான் தொட்டதே இல்ல. அடுத்த மாசம் கப்பல் வேலைக்கு நெஞ்சு எக்ஸ்ரே வேற எடுக்கணும். அதுல ஒரு புள்ளி இருந்தாலும் வேலை போச்சு."

"அப்ப இது எதுக்கு உனக்கு?"

"நீங்கதானே வாசல்ல எழுதிப் போட்டிருக்கீங்க, வெறும் மாம்பழ ஆவின்னு! கப்பல்ல எல்லாரும் இதை வச்சிருப்பாங்களாம். நான் மட்டும் சும்மா நின்னா, 'பாப்பா, பால் குடிச்சாச்சா?'ன்னு கேப்பாங்கண்ணே."

"கேட்டா, குடிச்சாச்சுன்னு சொல்லு." ஃப்ளோரோ சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். "படிக்கத் தெரியுமில்ல? புகைக்காதவருக்குக் கிடையாது."

"ரெண்டு மடங்கு தர்றேன்."

"கடையையே விலைக்குக் கேட்டாலும் சட்டம் சட்டம்தான்டா."

பெர்பெத்துவாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பதினெட்டு வருஷமா இந்த வேலையில இருக்கேன் மிஸ்டர் ஃப்ளோரோ. வந்த ஆளை விரட்டுற கடைக்காரரை இன்னிக்குத்தான் பாக்குறேன். ஒரு பிள்ளையோட நெஞ்சைக் காப்பாத்திட்டீங்க."

"என்ன மேடம் பெரிய வார்த்தை எல்லாம். மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல?"

அபராதப் புத்தகம் பைக்குள் போனது. 'முன்மாதிரிக் கடை' என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் ஜீப்னி வண்டியில் ஏறினார்.

ஜீப்னி தெருமுனை திரும்பும்வரை ஃப்ளோரோ கையசைத்தார். பிறகு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியிறங்கிய ரென்விலின் தோளில் கை போட்டார்.

"கோவிச்சுக்கிட்டியா தம்பி? உனக்கு இல்லாததா? மாம்பழத்துல ஒண்ணு தனியா எடுத்து வைக்கிறேன். பக்கத்துப் பெட்டிக்கடையில என் வீட்டுக்காரிதான் இருக்கா. சிகரெட் ஒத்தை ஒத்தையாத் தருவா. ஒரு வாரம் அதைப் பிடிச்சுட்டு, இங்க வா."

ரென்வில் திகைத்துப் போனான். "அண்ணே, எங்கப்பா அதுலதான்..."

"அட, ஒரு வாரத்துல நெஞ்சு வெந்துடுமா? முதல்ல பிடிச்சாத்தானே தம்பி, சட்டப்படி விட முடியும்!"