இடிக்குப் பயந்த வீடு

ஆய்வகத்தில், சோதிக்க வந்தவரின் நாற்காலிக்குப் பின்னால் அவள் நின்றாள்.

எதிரே இரண்டு திரைகள். திரைக்கு ஒரு வீடு.

வீடு என்றால் சுவரும் கூரையும் இல்லை. உள்ளே இருக்கிற பொருள்களின் பேச்சு மட்டும். விளக்கு, ஃபிரிட்ஜ், வாசல் காமிரா, தண்ணீர் மோட்டார் எல்லாமே இணையத்தோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற காலம் அல்லவா. அந்தப் பேச்சு கோடு கோடாக ஏறி இறங்கியது.

ஒன்று, ஆய்வகத் தோழி செண்பகத்தின் வீடு. பாளையங்கோட்டையில் நிஜமாகவே இருக்கிறது. செண்பகமும் அவள் கணவரும் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். விளக்குக்கும் மோட்டாருக்கும் நேரம் குறித்து வைத்துவிட்டுப் போவார்கள்.

மற்றொன்று, அவள் கட்டியது.

செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை. கணினிக்குள் கட்டியது.

இணையம் வழியாக வீடு புகுகிற கள்ளனைப் பிடிக்க ஒரு காவல் நிரலைப் பழக்க வேண்டும். பழக்க வேண்டுமென்றால் கள்ளனை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். வா, வந்து புகுந்து பார் என்று எந்தப் புண்ணியவான் கதவைத் திறந்து வைப்பான்?

அதற்குத்தான் இந்தப் பொய் வீடு.

போன முறை சோதிக்க வந்தபோதே தேவசகாயம் சார் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

“ஆளில்லாத வீடும்மா இது. எல்லாம் மணியடிச்சாப்ல நடக்கு. மனுசன் இருக்க வீடு இப்படியா இருக்கும்?”

இன்று, எது நிஜம், எது பொய் என்று சொல்லாமல் இரண்டையும் அவர் முன் வைத்திருந்தார்கள். இன்றும் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால் வேலையை மூடச் சொல்லிவிடுவார்கள்.

அன்றைக்கு அவள் அழவில்லை. வீட்டுக்குள் ஆள்களைக் குடிவைத்தாள்.

விளக்கை அணைக்க மறக்கிற ஒருவர். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிற ஒருவர். மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி வழிந்து தெருவுக்கு வருகிற வரை போனில் பேசுகிற ஒருவர்.

இடிக்குப் பயந்த ஒருவர்.

ஒரு வாரத்துப் பேச்சு திரைகளில் வேகமாக ஓடியது. சார் மாறி மாறிப் பார்த்தார்.

சட்டென்று அவள் வீட்டில் பேச்சு நின்றது. கோடு தரையோடு படுத்துவிட்டது.

கொஞ்சம் பொறுத்து, எல்லாப் பொருளும் ஒரே நேரத்தில் கத்தின.

காவல் நிரல் சிவப்பாக எரிந்தது. தாக்குதல். தாக்குதல்.

“போச்சுளா,” என்றாள் செண்பகம், காதோடு.

சார் முன்னால் குனிந்தார். சிவப்பை அவர் பார்க்கவில்லை. அதற்கு முந்திய மௌனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சிரித்தார்.

“தாக்குதலாவது ஒண்ணாவது. இடி இடிச்சிருக்கும். யாரோ ஓடிப்போயி வைஃபை ஒயரப் புடுங்கிப் போட்டிருக்காவ. மழை வெறிச்சதும் திரும்பச் சொருகியிருக்காவ. எல்லாம் ஒண்ணாப் போயி கதவத் தட்டுது. எங்கம்மையும் இப்படித்தான் செய்வா.”

விரல் அவள் வீட்டைத் தொட்டது.

“இதுதான் நெச வீடு.”

செண்பகத்தின் வீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இது பொம்ம வீடு. உசிரே இல்ல.”

செண்பகம் சண்டைக்கு வாயைத் திறந்தாள். பொறுளா என்பதுபோல் அவள் செண்பகத்தின் கையை அழுத்தினாள்.

சார் எழுந்தார். கதவு வரை போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

“அந்த நெச வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லும்மா. காமிராவுக்குக் கடைக்காரன் குடுத்த பாஸ்வேர்டையே வச்சிருக்காவ. நல்ல சனங்க போல இருக்கு. எவனாவது புகுந்துரப் போறான்.”

பால் காய்ச்சிய அன்று வாசலில் நிற்கிற வீட்டுக்காரி போல அவள் நிமிர்ந்து நின்றாள்.

“சொல்லிடுதேன் சார்.”

திரையில், அந்த வீட்டுச் சமையலறையில், யாரோ விளக்கைப் போட்டார்கள்.