கண்ணைக் கட்டிய துண்டு

பீளமேட்டிலிருந்து சூலூர் வரை கண்ணாடி இழை இழுத்து, ஜோடியாகப் பிணைந்த ஒளித்துகள்கள் இரு முனைகளிலும் ஒத்துப்போகின்றனவா, ஒன்றுக்கு நேர்வது மற்றதிலும் தெரிகிறதா என்று ஆய்வகத்தார் சோதித்து வந்தார்கள். சூலூர் முனை பொற்கொடியின் பொறுப்பு. அவள் குனிந்து இழையைப் பொருத்தும்போது, பீளமேட்டிலிருந்த பேராசிரியர் சென்னியப்பன் சொல்லாமல் கொள்ளாமல் லேசரைப் போட்டார். வலக்கண் போயிற்று. அவள்தான் பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை என்று விசாரணையில் சொல்லி, வேலையையும் பிடுங்கினார். அவள் கேஸ் போட்டாள்.

ஒரு மத்தியானம் தலைவலி தாங்காமல், மிச்சமிருந்த கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் ஆய்வகத்து இனியா போன் செய்தாள்.

“அக்கா, மத்தியானம் சாருக்குத் திடீர்னு கண்ணே தெரியாமப் போயிருச்சுங்க. அப்புறம் தானாச் சரியாயிருச்சு. டாக்டர் ஒண்ணுமில்லைன்னு அனுப்பிப்போட்டாரு.”

அது தன் துண்டின் வேலையா என்று பொற்கொடி ஆய்வகத்தில் பழகிய முறைப்படியே சோதித்தாள். தினமும் மத்தியானம் காசைச் சுண்டி, தலை விழுந்தால் மட்டும் துண்டைக் கட்டினாள். இனியாவிடம் மூச்சு விடவில்லை; சாரின் சுகத்தை மட்டும் விசாரித்தாள். ஒளித்துகள்கள் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டி ஒத்துப்போனதே இல்லை. இது ஒருமுறைகூடத் தப்பவில்லை: துண்டு கட்டிய நாளெல்லாம் அவருக்குக் கண் இருண்டது, கட்டாத நாளில் இல்லை.

இன்று காலை அவரே கூப்பிட்டார்.

“கேஸை விட்டுப்போடுங்க அம்மணி, பேசித் தீத்துக்கலாம். உங்க ஊட்டுக்குத்தான் கார்ல வந்துட்டே இருக்கேன்.”

“நீங்களே ஓட்டிட்டு வாரீங்களா சார்?”

“ஆமாங்க. கண்ணு மத்தியானத்துலதான் தகராறு பண்ணுது, இப்ப நல்லாத் தெரியுது. நீலாம்பூர் தாண்டிட்டேன். ரோடு காலியா இருக்குது, பறந்து வந்துருவேன்.”

“பாத்து வாங்க சார்.”

போனை வைத்தாள். இந்த முறை காசைத் தேடவில்லை. துண்டை எடுத்துக் கண்ணை இறுகக் கட்டி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.