யப்பான் செய்தி

போன் திரையில், முகநூல் நேரலையில், பிறின்ஸின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவனுக்குப் பின்னால் ரீவியில் சிவப்பாக ஏதோ வரைபடம், அதைச் சுற்றி யப்பான் எழுத்துகள் விட்டுவிட்டு மின்னின. இரண்டு கைகளையும் விரித்து அவன் எதையோ சொல்ல வரும்போது படம் அப்படியே நின்றுபோனது.

"மகள், இவனுக்கு என்னவோ நடந்திற்று," என்றாள் பீற்றிஸ்.

சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மதுஷா ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு எழுந்து வந்தாள். தம்பியின் முகம் இப்படி வெளிறி அவளும் கண்டதில்லை.

பிறின்ஸ் யப்பானின் கரையோர நகரமொன்றில், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான். வேலை முடிந்து அறைக்கு வந்ததும், அன்றைக்குக் கண்டதையும் கேட்டதையும் பற்றித் தமிழில் பேசி முகநூலில் போடுவான். குப்பையைப் பிரித்துப் போடத் தெரியாதவனிடம் அயலவர்கள் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள் என்பான். ஊருக்குள் கரடி புகுந்த செய்தியைச் சொல்லிச் சிரிப்பான். வெளிநாட்டுக்காரர் கூடிவிட்டார்கள் என்று ரீவியில் குறைப்படுகிறவர்களின் தாய்தகப்பனைக் குளிப்பாட்டுவது நான்தானே என்று ஒருநாள் சொன்னபோது மட்டும் அவன் சிரிக்கவில்லை.

பீற்றிஸ் ஒன்றையும் தவறவிடுவதில்லை. கறிக்கு வெட்டிக்கொண்டே கேட்பாள். பிடிக்காத கருத்து வந்தால் போனோடு வாதாடுவாள். நிலம் ஆடினால் இங்கே ஒருவரும் கத்தமாட்டார்கள், மேலே தொங்கும் விளக்கு எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடர்ந்து சாப்பிடுவார்கள் என்று அவன் பகிடியாகச் சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுடைய புருஷன் ஹெக்டரைக் கடல் கொண்டுபோனது 2004 டிசம்பரில், நத்தாருக்கு மறுநாள் வந்த சுனாமியில். பிறின்ஸை இடுப்பிலும் மதுஷாவைக் கையிலும் பிடித்துக்கொண்டு ஓடித் தப்பியவள், கடலுக்கும் வாவிக்கும் நடுவே அதே டச்பார் கிராமத்தில்தான் திரும்பவும் வீடு கட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. போவதென்றால் கடல் இல்லாத நாடாகப் பார்த்துப் போ என்று மகனிடம் அழுதும் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

மதுஷா தன் போனில் செய்தியைத் தேடினாள். கவரேஜ் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு தலைப்பு மட்டும் வந்து நின்றது: 'சுனாமி எச்சரிக்கை: யப்பான் தொலைக்காட்சி அவசர அறிவிப்பு.' அதற்குக் கீழே வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதை வாசித்ததும் பீற்றிஸின் வாயெல்லாம் உப்புக் கரித்தது. அன்றைக்குக் குடித்த கடல் தண்ணீரின் ருசி.

நின்றுபோன படத்தைத் திரும்பவும் பார்த்தாள். விளக்கு நேராகத் தொங்கியது. கதவு சாத்தியிருந்தது. மகன் கதிரையில்தான் உட்கார்ந்திருந்தான். ஓடாமல் இருந்து என்ன பேச்சு இந்தப் பிள்ளைக்கு என்று ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வட்ஸ்அப்பில் அவனை எடுத்தாள். வேறொரு அழைப்பில் இருப்பதாகக் காட்டியது. உடனே மறுபடி எடுத்தாள். அதே பதில்.

"ஆரோட கதைக்கிறான் மகள், இந்த நேரத்தில?"

மதுஷாவின் போனில் அழைப்பே போகவில்லை. கடற்கரைப் பக்கம் போனால்தான் கவரேஜ் ஒழுங்காகக் கிடைக்கும் என்று அவள் வாய்தவறிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் பீற்றிஸ் செருப்பும் போடாமல் வாசலைத் தாண்டிவிட்டாள். அம்மா கடலை நோக்கி ஓடுவதை மதுஷா அன்றுதான் பார்த்தாள். பின்னாலேயே ஓடினாள்.

மணலில் கால் புதையப் புதைய ஓடிய பீற்றிஸ், ஓடும்போதும் அழைப்பை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான் வந்தது. அந்தக் குளிர் நாட்டில், அலைக்கு முன்னால் மகன் தனியாக நிற்பதுதான் அவள் கண்ணுக்குள் நின்றது.

கடல் வெயிலில் மினுங்கிக்கொண்டு சும்மா கிடந்தது. தோணி நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த யோகராசா அவளைக் கண்டு அதிசயித்து, என்ன விசயம் என்று கேட்டார்.

மூச்சு வாங்க, பிறின்ஸ் இருக்கும் இடத்தில் சுனாமியாம் என்றாள் பீற்றிஸ். யோகராசா வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"பாவம் அந்தச் சனம்," என்றார்.

திரையில் ஒட்டிய மணலைச் சட்டையில் துடைக்கப் பீற்றிஸ் ஒரு கணம் அழைப்பதை நிறுத்தினாள். நிறுத்தியதும் போன் அடித்தது. பிறின்ஸ்தான்.

"மகன், எல்லாத்தையும் போட்டிட்டு ஓடு மகன்."

"அம்மா, எவ்வளவு நேரமா எடுக்கிறன், உங்கட போன் வேலையாவே கிடக்கு. இஞ்ச ஒண்ணுமில்ல. நான் நல்லா இருக்கன்."

பீற்றிஸ் அப்படியே மணலில் இருந்துவிட்டாள். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொன்னது. மதுஷா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?"

"கடற்கரையில மகன்."

மறுமுனையில் கதிரை சரிந்து விழுந்தது.

"எழும்பி ஓடுங்க அம்மா, சுனாமி வாறது எங்கட ஊருக்கு."