அரை செக்கன்

எழுவைதீவில் நில அதிர்வு பதியும் கருவிக்குக் காவலாக இருந்த சிவபாதத்தார், கொழும்பிலிருந்து வந்த அதிகாரி குலசேகரத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, ரேடியோவில நேரம் சொல்லுற கடைசிப் 'பீப்' கேக்கேக்கதானே கருவியின்ர மணிக்கூட்டுப் பொத்தானை அமத்துறனீங்கள்?"

"ஓம், சேர். ஒரு நாளும் விட்டதில்லை."

குலசேகரம் சன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் கடதாசிச் சுருளை விரித்தார். "ரேடியோ பழுதோ?"

சிவபாதத்தார் அவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். குலசேகரம் கோபத்தோடு திரும்பினார்.

"ஆடி வரைக்கும் நாளாந்தம் அரை செக்கன் பிந்துது. ஆவணியில இருந்து ஒரு நாள் முந்துது, ஒரு நாள் மூண்டு செக்கன் பிந்துது. என்ன நடந்தது?"

"அரை செக்கன் பிந்துதெண்டு போன முறை நீங்கள்தானே துண்டு எழுதித் தந்தனீங்கள். அதைக் காட்டி மனுசியை ஏசிப்போட்டன். கோவிச்சுக்கொண்டு சுருவிலுக்குத் தமக்கை வீட்டை போட்டா."

"மனுசி போனதுக்கும் மணிக்கூட்டுக்கும் என்ன?"

வேலை போனால் போகட்டும் என்று சிவபாதத்தார் வாயைத் திறந்தார்.

"எனக்குக் காது கேளாமப் போய் ரெண்டு வருசம், சேர். பீப் கேட்டவுடன என்ர தோளில தட்டுறது மனுசி சறோசாதான். இப்ப ரேடியோவில உள்ளங்கையை வைச்சு, அதிர்வைப் பார்த்து அமத்துறன்."

குலசேகரம் கடதாசியைச் சுருட்டி வைத்தார். பிறகு சிவபாதத்தாரின் முகத்துக்கு நேரே நின்று, ஆறுதலாகச் சொன்னார்.

"எந்த நாளும் ஒரே அளவாப் பிந்தினால் அது பிழையில்லை, அண்ணை. அந்த அரை செக்கனை நாங்கள் கழிச்சுவிடுவம். அவவின்ர கை ஒரு நாளும் பிசகேல்லை."

சிவபாதத்தார் கண்ணைத் துடைத்தார்.

"அதையும் ஒரு துண்டில எழுதித் தாங்கோ, சேர். சுருவிலுக்குக் கொண்டுபோக வேணும்."