பாதி விலை அரிசி

இசக்கிபாண்டியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் என் மனைவி ரத்னாவோடு அரிசிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"தலை தட்டாதீங்கக்கா. குமிச்சு அளங்க."

"ஒண்டி ஆளு நீ. உனக்கு எதுக்குப்பா இம்மாம் அரிசி?"

"நைட் ஷிப்டுக்கா. பசிக்குல்லா."

தை மாதத்து விடிகாலை. பனியில் எதிர்வீடுகூடத் தெரியவில்லை. தூரத்துக் கம்பெனி விளக்குகள் மட்டும் கப்பல் விளக்குகள் போல மிதந்தன. அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வெள்ளைக்குள் நடந்து மறைந்தான். ரத்னாவும் போய்ச் சேர்ந்துவிட்ட இந்த வயதில் நினைத்துப் பார்த்தால், அந்த ஆண்டு முழுக்கவே பனிக்குள் நடந்தது மாதிரி இருக்கிறது.

இன்டர்நெட் கடைகள் புதிதாக வந்த காலம் அது. ஒரகடத்தில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு மொத்த விலைக் கிடங்கு. உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள், மூட்டையாகத்தான் கொடுப்பார்கள். அட்டை ரத்னாவிடம் இருந்தது. மாதம் ஒரு மூட்டை எடுத்து வந்து ஐந்து வீடுகள் பங்கு போட்டுக்கொள்வோம். கடை விலைக்கு அது நல்ல மிச்சம்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து, கடைசி அறையில் தனியாகத் தங்கியிருந்த இசக்கிபாண்டிக்கு இது வேடிக்கை.

"காலம் மாறிட்டுக்கா. கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டினா சாமான் வாசலுக்கு வரும். பஸ் சார்ஜ் கிடையாது, முதுகுவலி கிடையாது."

"உன் கம்ப்யூட்டர்ல அரிசியை அள்ளி மோந்து பார்க்க முடியுமா? நாலு பருக்கை வாயில போட்டுப் பார்க்க முடியுமா?"

"அதான் அங்க வெல கம்மி!"

பேச்சு இப்படியே போகும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில், மூன்றாவது வீட்டு சுப்பராயலுவுக்கு பிரஸ் மிஷினில் விரல்கள் போயின. வேலையும் போயிற்று. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். ரத்னா ஒரு சட்டி நிறைய அரிசி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் மனைவி கன்னியம்மா வாசலிலேயே நின்றாள்.

"பாத்திரத்தைக் காலியாத் திருப்பித் தரக் கூடாதுக்கா. போட்டுத் தர எங்கிட்ட ஒண்ணுமில்ல. அப்படியே எடுத்துனு போயிடு."

ரத்னா எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வேறென்ன செய்வது?

அடுத்த மூட்டைக்குக் காசு சேர்க்கும்போது கன்னியம்மா வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு.

"இனிமே எனக்குப் பங்கு வாணாம்கா. இசக்கி தம்பி கம்ப்யூட்டர்ல போட்டுத் தருது. பாதி வெலதானாம்."

சொன்னபடியே அட்டைப் பெட்டி வந்தது. மேலே பழுப்பு டேப், ஆங்கிலத்தில் அச்சடித்த லேபிள். கன்னியம்மா எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

ரத்னா அன்றைக்கே இசக்கியை மடக்கினாள்.

"எங்களுக்கும் போட்டுக் குடு."

"முடியாதுக்கா. ஒரு தெருவுக்கு ஒரு வீட்டுக்குத்தான் ஆபர்."

"இன்னா கதை வுடுற? அவ போயிட்டா மூட்டைக்கு ஒரு பங்கு குறையுதே, அதுக்கு இன்னா வழி?"

"அந்தப் பங்கை நான் எடுத்துக்கிடுதேன்."

எங்கள் ஆளையும் கலைத்துவிட்டு, காலியான இடத்திலும் உட்கார்ந்துகொண்டானே!

"கம்ப்யூட்டர்லதான் பாதி வெலயாச்சே? எங்க மூட்டையில ஏன் கை வைக்கிற?"

"ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கேன்க்கா. எதுல லாபம்னு தெரியணும்லா."

எங்களிடம் மலிவாக வாங்கி ஹாஸ்டல் பையன்களுக்கு லாபத்துக்கு விற்கிறான் என்று வரிசை முழுக்கப் பேச்சு. எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். அவன் காதிலும் விழுந்திருக்கும். சிரித்துக்கொண்டே போவான்.

அந்தத் தைமாதச் சண்டை நடந்த வாரமே, வல்லம் வடகால் திருப்பத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு லாரி வந்தது.

இசக்கியின் உடலை ஊருக்குக் கொண்டுபோனார்கள். மாதக் கடைசியில் கன்னியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு நீங்க சொல்ல முடியுமா? பாதிக் காசு எடுத்து வெச்சிருக்கேன். வூட்ல அரிசி தீந்துபோச்சு."

சுங்குவார்சத்திரத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கடைக்காரர் விஜய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அரிசியா சார்? புக்கு வரும், வாட்ச் வரும். ஒரகடத்துக்கு அரிசி எவன் சார் அனுப்புவான்? அதுவும் பாதி வெலைக்கு?"

மறுநாள், அறையைக் காலி செய்ய இசக்கியின் அம்மா கோமதியம்மாள் வந்தார். ரத்னாவும் நானும் கூடப் போய் நின்றோம். ஒரு பாய். ஒரு வாளி. ஆணியில் கம்பெனிச் சட்டைகள்.

"ஸ்டவ்வு, பாத்திரமெல்லாம் எங்கம்மா?" என்று ரத்னா கேட்டாள்.

"அதெல்லாம் அவனுக்கு எதுக்கு? கம்பெனி கேன்டீன்லதான் சாப்பாடு. வெந்நி வைக்கக்கூடத் தெரியாதே எம்புள்ளைக்கு."

மூலையில் மடித்து அடுக்கிய அட்டைகள் இருந்தன. மேலே பழுப்பு டேப் உருளை, ஒரு தாள் நிறைய ஆங்கில லேபிள்கள்.

ரத்னா குனிந்து லேபிள் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இதுங்கள நான் எடுத்துக்கட்டுமாம்மா?"

"குப்பைதான தாயி, எடுத்துக்கோ."

லேபிள் தாளில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.