கணவாய் ஏறிய செருப்பு

“இது யாரு காலடி, ஸப்ஹா?” என்று வாப்பா கேட்டார்.

மலை தொடங்கும் இடத்தில், மணலில் குந்தி உட்கார்ந்திருந்தார். என் காலடியை அவர் கேட்கவில்லை. நான் நடை பழகிய நாளிலிருந்து அதை அவருக்குத் தெரியும். அதை ஒட்டியே போயிருந்த ஆண் செருப்பின் தடத்தைக் கேட்டார்.

நான் ஆடுகளைப் பார்த்தேன்.

வாத்தியார் கேள்வி கேட்டபோதும் இப்படித்தான் எதையாவது பார்த்துக்கொண்டு நிற்பேன். பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான்.

“நீ சொல்ல வேணாம். மணல் சொல்லும்.”

எங்கள் பள்ளத்தாக்கில் தொலைந்த ஒட்டகங்களையெல்லாம் தடம் பார்த்துக் கண்டுபிடிப்பது வாப்பாதான். மூக்கு மணலைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். டயர் செருப்பு. இடது குதிகால் தேய்ந்தது. வலதில் ஓர் ஒட்டு.

“முசல்லம்!”

முசல்லம் வாப்பாவின் சிநேகிதர். கிணற்றடியில் கூழாங்கல் ஆட்டத்தில் தினமும் வாப்பாவைத் தோற்கடிப்பவர். அறுபது வயது. முன்பல் இல்லை.

“கிழட்டுக் கழுதை! எம் பொண்ணு பக்கத்துல அவனுக்கு என்ன நடை?”

செருப்பு முசல்லமுடையதுதான். உள்ளே இருந்த கால் அவருடைய தம்பி மகன் நுஸைருடையது.

நுஸைர் வெளிநாட்டுக்காரர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திரிபவன். அவனுக்காக முசல்லம் என்னைப் பெண் கேட்டு வந்தபோது வாப்பா நின்ற நிலையிலேயே மறுத்துவிட்டார். “எந்நேரமும் வண்டியிலயே கெடக்கான். தரையில கால் வெச்சாத்தானே ஆளு எப்படின்னு தெரியும்? தடமே இல்லாத பயலுக்கு எப்படிய்யா பொண்ணு குடுக்குறது?”

நேற்று தரையில் கால் வைத்தான், பெரியவாப்பா முசல்லமின் செருப்போடு. அது அவன்தான் என்று தெரிந்துவிட்டால், திருட்டுத்தனமாக வந்தவன் என்று வாப்பா அவனை இந்தப் பக்கமே விடமாட்டார். சொல்லாவிட்டால் பாவம், முசல்லமின் தாடியை வாப்பா பிய்த்துவிடுவார்.

வாப்பா தடத்தைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

கழுதையும் யோசித்து ஏறும் பாதை அது. பாறை எதையும் காட்டிக்கொடுக்காது. பாறைகளுக்கு நடுவே தேங்கிக் கிடக்கும் மணல்தான் சனியன். ஒவ்வொரு மணல்திட்டிலும் வாப்பா நின்று படித்தார்.

“இங்க நின்னிருக்கான். கெழவனுக்கு மூச்சு வாங்கியிருக்கு.”

அங்கேதான் நுஸைர் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னான்.

“இங்க உக்காந்திருக்கான். முட்டி வலி.”

அங்கேதான், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான்.

“இங்க பாரு, வந்த வழியே திரும்பிப் போயிட்டு மறுபடி வந்திருக்கான். வயசானா மறதி.”

நான் பதிலே சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவன், என்னிடம் தண்ணீர் இல்லை என்பது நினைவுக்கு வந்து திரும்பிவந்த இடம் அது. தண்ணீரைக் குடித்தேன். அப்போதும் பதில் சொல்லவில்லை.

ஓரிடத்தில் சரளைக்கல் வழுக்கி, வாப்பா உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிக் கீழே போனார். அதற்கும் முசல்லமின் பாட்டனாரைத்தான் திட்டினார். திரும்ப ஏறி வந்தார்.

கணவாயின் உச்சியில், ஒரு பாறைமேல் முசல்லமே உட்கார்ந்திருந்தார். வெறுங்கால். பாதத்தைத் தேய்த்துக்கொண்டு முனகினார்.

“வாய்யா சுவைலிம். எவனோ என் செருப்பைத் தூக்கிட்டுப் போயிட்டான். தடத்தைப் புடிச்சுக்கிட்டு வெறுங்காலோட ஏறி வந்து உசுரு போகுது.”

திட்டுவதற்காகத் திறந்த வாப்பாவின் வாய் திறந்தபடியே நின்றது. அந்த வெறுங்காலைப் பார்த்தார். ஏறிவந்த சரிவைப் பார்த்தார்.

“முன்பாதத்த ஊனி ஏறியிருக்கான்” என்றார் முசல்லம். “எளவட்டப் பய நடை. குருடனுக்கும் தெரியும். நீ யாருன்னு நெனச்ச?”

வாப்பா இருமினார்.

“என்னையா நெனச்ச!” முசல்லம் சிரித்த சிரிப்பு எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. “இத நாளைக்கிக் கெணத்தடியில சொன்னேன்னா, ஒட்டகம் தொலைச்சவன் ஒருத்தன்கூட உன் கூடாரத்துப் பக்கம் தலை வெச்சுப் படுக்கமாட்டான்.”

“சொல்லிடாதய்யா.”

“அது நம்ம நுஸைர்தான். தடம் வேணும்னு கேட்டியே, மலை முழுக்க வெச்சிருக்கான்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏம்மா ஸப்ஹா, என் செருப்புக்குள்ள இருந்த பய உனக்கு வேணுமா, வேணாமா?”

ஆடுகள் கீழேயே நின்றுவிட்டன. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. பார்க்க ஒன்றுமே கிடைக்காமல் வாயைத் திறந்துவிட்டேன்.

“வேணும்.”

வாப்பா என்னை, பேசும் ஆட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நெடுநேரம் தலைத்துணியை அவிழ்த்தார், கட்டினார்.

“வியாழக்கெழம வந்து முறையாக் கேளு” என்றார் முசல்லமிடம். “அவனவன் செருப்பை அவனவன் போட்டுக்கிட்டு வாங்க.”

என்னை மெல்ல இறங்கி வரச்சொல்லிவிட்டு முன்னால் இறங்கினார். வழியில் ஒரு மணல்திட்டைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

அவர் வளைவு திரும்பும்வரை முசல்லம் முனகிக்கொண்டே இருந்தார். திரும்பியதும் முனகல் நின்றது.

உட்கார்ந்திருந்த பாறைக்குப் பின்னால் கையை விட்டார். புத்தம்புதுத் தோல் செருப்பு ஒரு ஜோடி வந்தது. ஒரு கீறல்கூட இல்லாத தன் பாதங்களை அதில் நுழைத்து, வாரை இழுத்து மாட்டினார்.

என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு மறுபக்கச் சரிவில் பாறைக்குப் பாறை கால் வைத்து, மணலை மிதிக்காமல் இறங்கிப் போனார்.