இந்துமதியின் பிரதி

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இந்துமதி மேலாளர். கூட்டங்களில் அவளுக்குப் பதிலாக கணினியில் உருவாக்கிய அவளுடைய பிரதி திரையில் தோன்றிப் பேசும். அதே முகம், அதே குரல்; எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. எல்லா மேலாளர்களுக்கும் கம்பெனி அப்படி ஒன்று கொடுத்திருந்தது. முதலில் அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று மகளைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு அவள் மதியம் வந்தபோது, அவள் பிரிவில் பல வருஷமாக வேலை பார்க்கும் ராஜரத்தினம் பையோடு வாசலில் நின்றிருந்தான்.

“வர்றேனுங்க்கா. உங்க மேல வருத்தமில்லீங்க. கம்பெனி வளரணும்னா ஆளக் குறைச்சுத்தான் ஆகணும்னு காலைல நீங்க சொன்னப்ப நெஞ்சு அடைச்சிருச்சு. ஆனா சொல்லிட்டு நீங்க அழுதீங்க பாருங்க, அது போதுமுங்க.”

“அது நானில்ல ராஜா. நான் பல் ஆஸ்பத்திரில இருந்தேன். எனக்கு எதுவுமே தெரியாது.”

அவன் அவளையே பார்த்தான். “அப்ப அழுதது யாருங்க?”

“வா, முதலாளிகிட்டயே பேசலாம்” என்று அவனை மாடிக்கு அழைத்துப் போனாள். முதலாளி இருந்த கூட்ட அறை வாசலில் காவலாளி மறித்தார்.

“மீட்டிங் நடக்குதுங்க மேடம். யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவு.”

“நான் உள்ள பேசியாகணும்.”

“நீங்கதான் உள்ள பேசிட்டிருக்கீங்களே!”

கதவுக்கு அப்பால் அவளுடைய குரல் தழுதழுத்தபடி அடுத்து வேலை போகிறவரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.